கொடுத்தவர் சொன்ன தொழிலும் நாம் கேட்ட தொழிலும்

முதலியார்பேட்டையில் நாங்கள் நடத்தும் மாலை வகுப்புக்கு வரும் பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி, போன மாதம் ஒரு விண்ணப்பத் தாளோடு வந்தாள். ஒரு நிறுவனத்தின் அறக்கட்டளை தரும் உதவி அது. பள்ளி முடிக்கும் ஏழைப் பிள்ளைகளுக்கு இலவசத் தொழிற்பயிற்சி, மாதம் கொஞ்சம் பணம், முடிவில் சான்றிதழ். கீழே தொழில்களின் பட்டியல் இருந்தது. பெண்களுக்குத் தையல், அழகுக்கலை, முதியோர் பராமரிப்பு. ஆண்களுக்கு பிளம்பிங், ஹவுஸ்கீப்பிங், செக்யூரிட்டி.

"அக்கா, எனக்கு எலக்ட்ரானிக்ஸ் படிக்கணும். இதுல அது இல்லையே. கையெழுத்துப் போடலாமா, வேணாமா? அப்பா போடச் சொல்றாரு" என்று கேட்டாள்.

அவள் அப்பா மில் தொழிலாளி. ஆலை மூடிய பிறகு கிடைத்த வேலைக்குப் போய்க்கொண்டிருக்கிறார். வீட்டுக்கு அந்த மாதப் பணம் தேவை. 'வேண்டாம்' என்று சொல்லிவிட்டு நாங்கள் போய்விட முடியாது. 'போடு' என்று சொல்லவும் மனம் வரவில்லை. நம் பிள்ளைகளுக்குத் தொழில் கற்றுக்கொடுக்க யார் யார், எந்தெந்தக் காலத்தில், என்னென்ன நிபந்தனையோடு பணம் கொடுத்தார்கள் என்பதை அவளோடு உட்கார்ந்து பேசினோம். அந்தப் பேச்சைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறோம்.

பஞ்சாலை முதலாளியின் பத்து இலட்சம் டாலர்

முதலில் கொஞ்சம் தூரம் போய் வருவோம். அமெரிக்காவில் அடிமை முறை ஒழிந்து 17 ஆண்டுகள் கழித்து, 1882-ல், ஜான் ஸ்லேட்டர் என்ற பஞ்சாலை முதலாளி 10 இலட்சம் டாலர் கொடுத்து ஒரு நிதியம் தொடங்கினார். விடுதலை பெற்ற கருப்பின மக்களின் கல்விக்கான பணம் அது. அந்த ஆலைத் தொழிலே எந்தப் பருத்தியால் வளர்ந்தது, அந்தப் பருத்தியை நெடுங்காலம் யாருடைய கைகள் பறித்தன என்பதை உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

கைத்தொழில் சொல்லித்தரும் பள்ளிகளுக்கே முன்னுரிமை என்று நிதியத்தின் நிர்வாகிகள் முடிவு செய்தார்கள். பிற்காலத்தில் பணத்தின் பெரும்பகுதி ஹாம்ப்டன், டஸ்கேகி என்ற இரண்டு நிறுவனங்களுக்குப் போனது. 1881-ல் டஸ்கேகியைத் தொடங்கிய புக்கர் டி. வாஷிங்டன் தானே அடிமையாகப் பிறந்தவர். மாணவர்களே செங்கல் அறுத்துக் கட்டிடம் எழுப்பினார்கள். தச்சு, கொல்லு, விவசாயம், சமையல் கற்றார்கள். அந்த உழைப்பை நாம் குறைத்துப் பேசக் கூடாது. ஆனால் வெள்ளைப் பணக்காரர்கள் டஸ்கேகிக்கு அள்ளிக் கொடுத்ததற்கு ஒரு காரணம் உண்டு. வாக்குரிமை கேட்காத, சமமாக உட்காரக் கேட்காத, வேலை மட்டும் தெரிந்த கருப்பினத் தொழிலாளி அவர்களுக்கு வசதியாக இருந்தார்.

இதே ஸ்லேட்டர் நிதியத்தில் இன்னொரு கதையும் நடந்தது. நிதியத்தின் தலைவராக இருந்தவர் முன்னாள் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ரதர்ஃபோர்டு ஹேய்ஸ். உயர்படிப்புக்குத் தகுதியான கருப்பின இளைஞன் இருந்தால் ஐரோப்பாவுக்கே அனுப்பத் தயார், ஆனால் அப்படி ஒருவரையும் காணோம் என்ற பொருளில் 1890-ல் அவர் பேசியது செய்தித்தாளில் வந்தது. ஹார்வர்டில் படித்துக்கொண்டிருந்த ஓர் இளைஞர் அதைப் படித்துவிட்டு, 'இதோ நான் இருக்கிறேன்' என்று எழுதினார். மறுப்பு வந்தது. விடாமல் மீண்டும் எழுதினார். 1892-ல் பணம் கிடைத்தது. பாதி நன்கொடை, பாதி கடன். அந்தப் பணத்தில் பெர்லின் பல்கலைக்கழகத்துக்குப் போனார். இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு நிதியம் உதவியை நீட்டிக்க மறுத்ததால், அங்கே முனைவர் பட்டம் பெறாமலே திரும்பினார். 1895-ல் ஹார்வர்டில் முனைவர் பட்டம் பெற்ற முதல் கருப்பினத்தவர் ஆனார்.

அவர்தான் டபிள்யூ. இ. பி. டுபாய்ஸ். கருப்பின மக்களுக்குத் தொழிற்கல்வி மட்டும் போதும் என்ற கொள்கையை 1903-ல் வெளியான தன் நூலில் கடுமையாக விமர்சித்தவரும் அவரேதான். அதே டுபாய்ஸுக்கு 1946-ல் அண்ணல் அம்பேத்கர் கடிதம் எழுதினார். ஐக்கிய நாடுகள் அவைக்குக் கருப்பின மக்கள் அளித்த மனுவின் படி வேண்டும் என்று கேட்டார். டுபாய்ஸ் பதில் எழுதினார். கொடையாளர்களின் வாசலில் நின்ற அனுபவம் இருவருக்குமே உண்டு. 1913-ல் பரோடா மன்னரின் உதவித்தொகையில் அமெரிக்கா போன அம்பேத்கர், அதற்கு ஈடாகப் பரோடாவில் பணியாற்ற வேண்டும் என்ற ஒப்பந்தத்தோடுதான் போனார். 1917-ல் அங்கே வேலைக்குச் சேர்ந்தபோது தங்குவதற்கு ஓர் அறைகூடக் கிடைக்காமல் வெளியேற வேண்டியிருந்தது.

நம் ஊரில் தருமம் நின்ற எல்லை

இனி நம் பக்கம் வருவோம். கல்விக் கொடை என்றதும் சென்னையில் பச்சையப்பர் பெயரைச் சொல்வார்கள். 1794-ல் இறந்த அவருடைய சொத்திலிருந்து 1842-ல் பள்ளி எழுந்தது, பிறகு கல்லூரி ஆனது. தமிழ்நாட்டின் எத்தனையோ தலைவர்கள் அங்கே படித்தார்கள். ஆனால் 1920களின் பிற்பகுதி வரை நம் பிள்ளைகளுக்கு அந்தக் கதவு திறக்கவில்லை. தருமத்தின் பணத்துக்கும் சாதி பார்க்கத் தெரிந்திருந்தது.

நமக்கென்றே பள்ளி திறந்தவர்களும் உண்டு. 1894-ல் கர்னல் ஆல்காட் சென்னை அடையாறு பகுதியில் பஞ்சமர் இலவசப் பள்ளிகளைத் தொடங்கினார். பண்டிதர் அயோத்திதாசர் அவரோடு தொடர்பில் இருந்தார். 1898-ல் இருவரும் இலங்கைக்குப் போனதும், அதிலிருந்து தமிழ்ப் பௌத்த இயக்கம் எழுந்ததும் நீங்கள் அறிந்ததே. அந்தப் பள்ளிகளால் எழுதப் படிக்கக் கற்ற குடும்பங்கள் உண்டு, அதற்கான நன்றியும் உண்டு. ஆனால் ஆல்காட் காலத்தில் அவை தொடக்கக் கல்விக்கு மேல் போகவில்லை. கூடவே சமையல் கற்றுக்கொடுத்தார்கள். துரைமார் வீட்டுச் சமையலறைக்குத் தேவையான சமையல் அது. கொடுத்தவரின் மனம் நல்ல மனம்தான். நம் பிள்ளை எதுவரை போகலாம் என்ற கோட்டையும் அந்த நல்ல மனமே போட்டது.

1932-ல் பூனா ஒப்பந்தத்தை அடுத்து காந்தியின் முன்முயற்சியில் ஹரிஜன சேவா சங்கம் வந்தது. நாடெங்கும் பள்ளிகள், விடுதிகள், தொழிற்பள்ளிகள் திறந்தார்கள். சென்னை கோடம்பாக்கத்தில் 1933-ல் தொடங்கிய ஹரிஜன தொழிற்பள்ளிதான் பிறகு தக்கர் பாபா வித்யாலயம் ஆனது. அங்கே தொழில் கற்றுப் பிழைத்தவர்கள் உண்டு. ஆனால் இந்தச் சங்கத்தின் வேலைத்திட்டம் எப்படி இருக்க வேண்டும் என்று அம்பேத்கர் 1932 நவம்பரில், வட்டமேசை மாநாட்டுக்குப் போகும் கப்பலிலிருந்து, தக்கருக்கு ஒரு நீண்ட கடிதம் எழுதினார். ஒவ்வொரு மாணவனுக்கும் உதவி செய்து அவனை நல்லவனாக்கும் வேலை போதாது என்றார். கிணறு, பள்ளி, தெரு ஆகியவற்றில் குடியுரிமைக்காக நிற்க வேண்டும், வேலைவாய்ப்பில் சமத்துவத்துக்காக நிற்க வேண்டும் என்றார். சங்கம் அந்த வழியில் போகவில்லை. அம்பேத்கர் விலகினார்.

தறியின் ஓடமும் எச்சிலும்

வேலைவாய்ப்பில் சமத்துவம் என்று அவர் ஏன் சொன்னார்? மில் நகரத்துப் பிள்ளைகளான நாம் இதை நன்றாகப் புரிந்துகொள்ள வேண்டும்.

பம்பாய் பஞ்சாலைகளில் அப்போது ஆயிரக்கணக்கான தலித் தொழிலாளர்கள் இருந்தார்கள். ஆனால் கூலி குறைந்த நூற்புப் பிரிவில்தான். கூலி அதிகமான நெசவுப் பிரிவுக்குள் அவர்கள் போக முடியாது. அங்கே ஓடத்தில் நூல் தீர்ந்து புதிய பாபின் போடும்போது, நூல் முனையை வாயால் உறிஞ்சி வெளியே இழுப்பார்கள். ஒரு தலித்தின் வாய் பட்ட ஓடத்தில் தங்கள் வாய் படக் கூடாது என்று சாதி இந்துத் தொழிலாளர்கள் மறுத்தார்கள். 1928-ல் பம்பாயில் பெரிய வேலைநிறுத்தம் நடந்தபோது, இந்தத் தடையை நீக்குவதையும் கோரிக்கையாக வைக்க வேண்டும் என்று அம்பேத்கர் தொழிற்சங்கத் தலைவர்களிடம் வாதாட வேண்டியிருந்தது.

நெசவு தெரியாததால் அவர்கள் வெளியே நிற்கவில்லை. தலைமுறை தலைமுறையாக நெய்தவர்களும் அவர்களில் இருந்தார்கள். திறமை இருந்தும் கதவு மூடியிருந்தது. 'திறன் பயிற்சி கொடுத்தால் போதும், சாதி தானாகப் போய்விடும்' என்று யாராவது உங்களிடம் சொன்னால் இந்த ஓடத்தை நினைத்துக்கொள்ளுங்கள்.

நம் ஊருக்கும் இந்தக் கேள்வியைக் கொண்டு வர வேண்டும். ரோடியர் ஆலை என்று நம் தாத்தாக்கள் சொன்ன ஆங்கிலோ பிரெஞ்சு டெக்ஸ்டைல்ஸ் 1898-ல் முதலியார்பேட்டையில் தொடங்கியது. சவானா, கெப்ளே ஆலைகளோடு சேர்ந்து மூன்று தலைமுறைக்கு இந்த நகரத்துக்குச் சோறு போட்டது. 1936 ஜூலை 30 அன்று சவானா ஆலைத் தொழிலாளர்கள் மீது பிரெஞ்சு அரசு சுட்டதில் 12 பேர் மாண்டார்கள். அந்த இரத்தத்தின் விலையாக அடுத்த ஆண்டே இங்கே எட்டு மணி நேர வேலை சட்டமானது. இதையெல்லாம் ஜூலை 30 தோறும் மேடையில் கேட்கிறோம். ஆனால் எந்தப் பிரிவில் எந்தத் தெருக்காரர்கள் இருந்தார்கள், மேஸ்திரி யார், பிட்டர் யார், குப்பை கூட்டியது யார் என்ற கணக்கை மேடையில் யாரும் சொல்வதில்லை. அது நம் பெரியவர்களின் நினைவில் இருக்கிறது. இந்த விடுமுறையில் கைப்பேசியை எடுத்துக்கொண்டு போய் உங்கள் தெருவில் ஓய்வு பெற்ற மில் தொழிலாளிகளிடம் கேட்டுப் பதிவு செய்யுங்கள். இன்னும் பத்தாண்டு கழித்துக் கேட்க ஆள் இருக்க மாட்டார்கள்.

1942: அண்ணல் கேட்ட பட்டறை

1942 ஜூலையில் அம்பேத்கர் வைஸ்ராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினர் ஆனார். அக்டோபர் 29 அன்று, வைஸ்ராய் லின்லித்கோவிடம் அட்டவணைச் சாதியினரின் குறைகளைப் பட்டியலிட்டு ஒரு மனு கொடுத்தார். அதில் கல்வி பற்றிய பகுதியைத் தொழிற்கல்வி பற்றிப் பேசும் எவரும் படிக்காமல் விடக் கூடாது.

அவர் வாதம் நேரடியானது. காசி இந்துப் பல்கலைக்கழகத்துக்கும் அலிகார் முஸ்லிம் பல்கலைக்கழகத்துக்கும் இந்திய அரசு ஆண்டுக்கு 3 இலட்சம் ரூபாய் வீதம் கொடுக்கிறது. எங்களுக்கு என்ன கொடுக்கிறது? கலைப் படிப்பும் சட்டப் படிப்பும் மட்டும் எங்கள் மக்களை முன்னேற்றாது. அறிவியலும் தொழில்நுட்பமும் வேண்டும். அந்தச் செலவை எங்கள் பெற்றோரால் தாங்க முடியாது. ஆகவே இந்தியாவில் அறிவியல், தொழில்நுட்பம் படிக்க ஆண்டுக்கு 2 இலட்சம் ரூபாயும், வெளிநாட்டுப் படிப்புக்கு 1 இலட்சம் ரூபாயும் அரசு ஒதுக்க வேண்டும்.

அடுத்ததாகத் தொழிற்பயிற்சிக்கு வந்தார். அரசாங்கத்தின் கையில் அச்சகங்கள் இருக்கின்றன, ரயில்வே பட்டறைகள் இருக்கின்றன. அங்கே எங்கள் பையன்களை அப்ரண்டிஸாகச் சேர்த்துப் பயிற்சி கொடுங்கள் என்றார்.

அவர் கேட்டது செருப்புத் தைக்கும் பயிற்சி அல்ல, துடைப்பம் கட்டும் பயிற்சியும் அல்ல. அந்தக் காலத்தின் மிகப் புதிய தொழில்கள் எவையோ அவற்றைக் கேட்டார். எழுத்தை அடுக்கும் அச்சகத்தையும் எஞ்சினைப் பிரித்துப் பூட்டும் பட்டறையையும் கேட்டார். கேட்ட இடம் தனவந்தர் வீடு அல்ல, அரசின் கருவூலம். கேட்ட விதமும் இரக்கத்துக்கான வேண்டுகோளாக இல்லை. மற்றவர்களுக்குக் கொடுப்பதைச் சுட்டிக்காட்டி, எங்கள் பங்கு எங்கே என்ற கணக்காக இருந்தது.

1944-ல் அட்டவணைச் சாதி மாணவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை தொடங்கியது. இன்று பதினொன்றாம் வகுப்பு, ஐ.டி.ஐ., பாலிடெக்னிக் தொடங்கி ஆராய்ச்சிப் படிப்பு வரை அந்தத் திட்டத்துக்குள் வருகின்றன. 1961-ல் அப்ரண்டிஸ் சட்டம் வந்தது. அட்டவணைச் சாதி, பழங்குடியினருக்குப் பயிற்சி இடங்களில் ஒதுக்கீடு தரும் பிரிவு பின்னர் அதில் சேர்க்கப்பட்டது. 1942 மனுவின் வழியில் வந்த உரிமைகளாகவே நாங்கள் இவற்றைப் பார்க்கிறோம்.

புதுச்சேரிக்கு இவை தாமதமாகவே வந்தன. 1942-ல் நாம் பிரெஞ்சு ஆட்சியில் இருந்தோம். 1954 நவம்பர் 1-ல் ஆட்சி கை மாறியது, 1962-ல் சட்டப்படி இணைந்தோம், 1964-ல்தான் புதுச்சேரிக்கான அட்டவணைச் சாதியினர் ஆணை வந்தது. பிரிட்டிஷ் இந்தியாவின் சேரிக்கும் நம் சேரிக்கும் நடுவில் இப்படி இருபது ஆண்டு இடைவெளி விழுந்தது.

நாமே கொடுத்த கொடை

கொடுப்பவர் எப்போதும் வெளியாராகவே இருந்ததில்லை. முதலியார்பேட்டை வழியாகப் போகும் கடலூர் சாலையில் தெற்கே போய்க்கொண்டே இருந்தால் சிதம்பரம் வரும். அங்கே 1916-ல் சுவாமி சகஜானந்தர் நந்தனார் கல்விக் கழகத்தைத் தொடங்கினார். 1890-ல் ஆரணி அருகே ஒடுக்கப்பட்ட குடும்பத்தில் பிறந்தவர். நந்தனை நெருப்பில் இறக்கியதாகச் சொல்லப்படும் அதே ஊரில், நந்தன் பெயரில் பள்ளி வைத்தார். ஊர் ஊராகப் போய் நிதி திரட்டினார். சட்டமன்றத்திலும் பல ஆண்டுகள் இருந்து நம் கல்விக்காகப் பேசினார். 1959-ல் அவர் மறைந்தபோது தென்னார்க்காட்டில் படித்த தலித் தலைமுறை ஒன்று நிமிர்ந்து நின்றது. இன்று ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனியே அரசு நந்தனார் மேல்நிலைப் பள்ளிகள் அங்கே நடக்கின்றன. அவரும் பணக்காரர்களிடம் வாங்கினார். ஆனால் எதைப் படிக்க வேண்டும், எதுவரை படிக்க வேண்டும் என்ற முடிவு அவர் கையில் இருந்தது. ஆல்காட் பள்ளிக்கும் நந்தனார் பள்ளிக்கும் உள்ள வேறுபாடு அங்கேதான் இருக்கிறது.

அப்பன் தொழில், மறுபடியும்

1953-ல் சென்னை மாகாணத்தில் இராஜாஜி புதிய தொடக்கக் கல்வித் திட்டம் கொண்டுவந்தார். பாதி நேரம் பள்ளி, மீதி நேரம் வீட்டில் பெற்றோரின் தொழில். குலக்கல்வி என்று பெரியார் இயக்கம் எதிர்த்தது. 1954-ல் இராஜாஜி பதவி விலகினார். அடுத்து வந்த காமராசர் அதை நீக்கினார். அத்தோடு அந்த எண்ணம் செத்துவிட்டது என்று நினைத்தோம். 2023 செப்டம்பரில் ஒன்றிய அரசு விஸ்வகர்மா திட்டத்தைத் தொடங்கியது. முடி திருத்துவது, துணி வெளுப்பது, செருப்புத் தைப்பது, மண்பாண்டம் செய்வது உட்பட 18 தொழில்கள். குரு-சிஷ்ய பரம்பரையையும் குடும்ப வழித் தொழிலையும் வலுப்படுத்துவது நோக்கம் என்று வெளிப்படையாகவே சொன்னார்கள். தமிழ்நாடு அரசு இதை ஏற்க மறுத்து, சாதி, குடும்பத் தொழில் நிபந்தனை இல்லாத வேறு திட்டம் அறிவித்தது.

இன்னொரு பக்கம் கம்பெனிகளின் பணம் வருகிறது. இதைத் 'தருமம்' என்று மேடையில் சொல்வார்கள். அது தருமம் அல்ல. 2013 கம்பெனிகள் சட்டத்தின் 135-ஆம் பிரிவின்படி, குறிப்பிட்ட அளவுக்கு மேல் இலாபமோ வரவு செலவோ உள்ள கம்பெனி, தன் மூன்றாண்டு சராசரி இலாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். வேலைக்கான தொழில் திறன் பயிற்சி அந்தப் பட்டியலில் இருக்கிறது. சட்டக் கடமையை நிறைவேற்றுபவர் முன்னால் நாம் கை கட்டி நிற்க வேண்டியதில்லை, கேள்வி கேட்கலாம்.

நாங்கள் கேட்கச் சொல்லும் கேள்விகள் இவை. தொழில் பட்டியலை யார் போட்டார்கள், பிள்ளைகளைக் கேட்டார்களா? சான்றிதழை அரசின் தொழிற்பயிற்சிக் குழுமம் ஏற்குமா, அல்லது சுவரில் மாட்ட மட்டும் உதவுமா? அதை வைத்து மேலே படிக்க வழி உண்டா? ஐ.டி.ஐ. முடித்தவர் பாலிடெக்னிக் இரண்டாம் ஆண்டில் சேர முடிகிறது. மூன்று மாதப் பயிற்சிக்கு அப்படி ஏதாவது கதவு இருக்கிறதா? சேரித் தெருவுக்கு ஹவுஸ்கீப்பிங், நகரப் பள்ளிக்கு ரோபோட்டிக்ஸ் என்று ஒரே கம்பெனி இரண்டு பட்டியல் வைத்திருக்கிறதா? இதைச் சேர்ந்தால் அரசு உதவித்தொகை கைவிட்டுப் போகுமா?

தொழிற்கல்வியே வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. கையால் செய்யும் வேலை இழிவு என்பது சாதியின் பாடம், நம் பாடம் அல்ல. பிளம்பர் வேலை நல்ல வேலை. வெல்டர் வேலை நல்ல வேலை. பிளம்பர் ஆக விரும்பும் பிள்ளை பிளம்பர் ஆகட்டும். எலக்ட்ரானிக்ஸ் கேட்கும் பிள்ளைக்கு 'உனக்குத் தையல்தான்' என்று அச்சடித்த தாளைக் கொடுப்பதைத்தான் எதிர்க்கிறோம்.

அந்த மாணவியின் அப்பாவை ஒரு ஞாயிற்றுக்கிழமை நேரில் பார்த்துப் பேசினோம். லாஸ்பேட்டையில் அரசுப் பாலிடெக்னிக் இருக்கிறது, போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை இருக்கிறது, என்ன சான்றிதழ்கள் வேண்டும் என்று கணக்குப் போட்டுக் காட்டினோம். அவர் வெகு நேரம் பேசவில்லை. பிறகு, "நான் இருபது வருஷம் ஒரே மிஷின் முன்னாடி நின்னேன். அது எப்படி ஓடுதுன்னு எனக்கு யாரும் சொல்லித் தரல. இவ அதைக் கத்துக்கிட்டும்" என்றார்.

விண்ணப்பத் தாள் கையெழுத்து இல்லாமல் எங்களிடம் இருக்கிறது. சாதிச் சான்றிதழுக்கும் வருமானச் சான்றிதழுக்கும் இப்போது அலைந்துகொண்டிருக்கிறோம். உங்கள் தெருவிலும் இப்படி ஒரு தாள் வந்திருக்கும். கையெழுத்துப் போடும் முன் பட்டியலைப் படியுங்கள். நீங்கள் கேட்டது அதில் இல்லையென்றால், இருக்கும் இடத்தில் போய்க் கேளுங்கள். அண்ணல் 1942-ல் கேட்டது போலக் கேளுங்கள்.

ஜெய்பீம்.